கூடுதல் அவகாசம் யாருக்கு?

கேள்வி: ரோபோ போட்டிக்குத் தயாராகும் காலத்தை நீட்டினால், வசதியுள்ள பாடசாலைகள்தானே மேலும் முந்தும்?
– ஓர் ஆசிரியை, பசறை

பதில்: கெடுவைச் சுருக்கினாலும் அவர்கள்தான் முந்துகிறார்கள், டீச்சர்! அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் பல ஆண்டுகள் ஏறத்தாழ ஆறு வாரக் கெடு இருந்தது. அது முடிந்ததும் ரோபோவைப் பையிலிட்டு முத்திரை வைக்க வேண்டும். பணமுள்ள அணிகள் என்ன செய்தன? அதே அச்சில் இன்னொன்றைச் செய்து வைத்துப் போட்டிநாள்வரை பழகின. பணமில்லாதவர்கள் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2020 பருவத்திலிருந்து அந்த விதியையே எடுத்துவிட்டார்கள்.

நம் பக்கம் வாருங்கள். சர்வோ மோட்டாரில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் உடைந்தால் கொழும்புப் பிள்ளை அன்று மாலையே வேறொன்று வாங்கிவிடும். நமுனுகுலத் தோட்டத்துப் பிள்ளைக்கு அது மலையேறி வர வேண்டும். வந்து சேர்ந்த நாளிலும் ஈயப்பற்று ஆறுவதற்குள் கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டும். ஆகவே காலத்தை நீட்டத்தான் வேண்டும். ஆனால் உதிரிப்பாகம் இல்லாமல் நாட்களை மட்டும் கொடுத்தால், காத்திருப்புதான் நீளும்.

பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அதன் ஆய்வுகூடமொன்றைத் தோட்டப் பாடசாலைகளுக்குத் திறந்துவிட்டு, ஒரு பெட்டி மோட்டாரும் சென்சாரும் வைக்கட்டும். போட்டி விதிகளும் முதலாம் தவணையிலேயே தமிழில் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.