கொக்குக்குக் குறி வைத்த கதை

மாரமங்கலத்துக் காப்பித் தோட்டத்தில் விடிந்ததும் கொண்டைக்குருவி கத்தும். ஜன்னலைத் திறந்தால் போதும். ஆனால் இலவசமாகக் கத்துகிற பறவைக்கு ஏது மரியாதை? நாங்கள் நாலு பேர் ராத்திரியோடு ராத்திரியாக, கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டலை அடக்கிக்கொண்டு மலையிறங்கி, விடியலில் வேடந்தாங்கல் போய்ச் சேர்ந்தோம்.

ஏரி சுமார் 30 ஹெக்டேர். கரையில் நின்ற லென்ஸ்களை வரிசையாகப் படுக்க வைத்தால் பாலமே போட்டுவிடலாம். எல்லோரும் பறவைக்குத் தெரியாத காட்டுப்பச்சை உடையில். ரிங்டோன் மட்டும் குத்துப்பாட்டு.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதைப் பொறுக்காமல் ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுக் காப்பு உத்தரவு வாங்கியது 1798-இல். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. 2022-இல் ஏரி, ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் ஏறிவிட்டது. நாங்களும் ‘ஷூட் பண்ண வந்தோம்’ என்றுதான் சொல்லிக்கொண்டோம். உத்தரவு எங்களைத் தடுக்கவில்லை.

கூழைக்கடா ஒன்று வாயைத் திறந்தது. நானூறு கிளிக். பிறகு மூடியது. அதற்கும் நானூறு.

கரையில் வேர்க்கடலை விற்ற பெரியவர் என் திரையை எட்டிப் பார்த்தார். “ஏன் தம்பி, எல்லாம் ஒரே நாரையா?”

“இல்லைங்க ஐயா, லைட்டிங் வேற.”

“ஓஹோ,” என்று கடலையை அளந்தார்.

மறுநாள் விடிகாலை, வீட்டில் அசந்து தூங்கும்போது ஜன்னலோரம் ஒரே கத்தல். “இந்தச் சனியனை யாராவது விரட்டுங்கப்பா!” என்றேன்.