ரயில் இல்லாத ஊரில் பிளாட்பாரம் மாறுதல்

அந்தமானில் ரயில் கிடையாது. எங்கள் டெலானிபூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குப் பிளாட்பாரம் என்றால் என்னவென்று காட்ட வேண்டுமானால், ஹாடோ துறைமுகத்தில் கப்பலேற்றி, மூன்று நாள் வாந்தியெடுக்க வைத்து, சென்னையில் இறக்கி, எழும்பூருக்குக் கூட்டிப் போக வேண்டும். அங்கே ஒலிபெருக்கி கரகரக்கும்: நாலாவது பிளாட்பாரத்துக்கு வர வேண்டிய வண்டி ஏழாவதுக்கு வருகிறதாம். உடனே மூட்டை முடிச்சு, குழந்தை குட்டி, கூஜா சகிதம் ஒரு கூட்டமே படியேறி ஓடும். ஏன் மாற்றினாய் என்று யாரும் கேட்பதில்லை. மாற்றியவன் தலையில் மூட்டை இல்லை.

அதே அறிவிப்பு இப்போது கடலுக்கு அடியிலிருந்து எங்களுக்கு வந்திருக்கிறது. சென்னையிலிருந்து எங்கள் தீவுகளுக்கு 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடிக் கேபிள் போட்டார்கள். செலவு 1,224 கோடி ரூபாய். பிரதமர் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்து வைத்தார். அதற்கு முன்னால் எல்லாம் செயற்கைக்கோள் வழிதான். ஒரு அப்டேட் இறங்குவதற்குள் ஒரு மழைக்காலம் முடிந்துவிடும். ஊருக்குப் போய்த் திரும்புகிறவர் ஹார்ட் டிஸ்க்கில் ஆன்டிவைரஸும் பையில் மாவடுவும் கொண்டு வருவார். இரண்டும் தெருவுக்கே பங்கு போகும். கேபிள் வந்ததும் நாங்களும் உலகத்தோடு ஒட்டிக்கொண்டோம் என்று மகிழ்ந்தோம். உலகம் அந்தக் கேபிள் வழியாக என்ன சொல்லி அனுப்பியது தெரியுமா? உன் கணிப்பொறி செத்துவிட்டது, எடுத்துப் போடு.

2025 அக்டோபர் 14. அன்றுதான் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் பால் ஊற்றியது. இனி பாதுகாப்புத் திருத்தம் வராது. வேண்டுமென்றால் விண்டோஸ் 11-க்கு ஏறு. ஏற முடியவில்லையா, புதுக் கணிப்பொறி வாங்கு. 2015ல் அந்தக் கம்பெனியின் ஊழியர் ஒருவர் சிகாகோ மாநாட்டு மேடையில் நின்று, விண்டோஸ் 10-தான் கடைசிப் பதிப்பு என்றார். பொய் என்று சொல்ல மாட்டேன். நம் வீட்டுக் கணிப்பொறிக்கு அதுதான் கடைசி.

அபர்தீன் பஜாரில் கணிப்பொறி பழுது பார்க்கும் தம்பியிடம் கேட்டேன். "நல்லாத்தான் ஓடுதுண்ணே. ஆனா ஓடக் கூடாதாம்" என்றான். இந்த நூற்றாண்டின் தொழில்நுட்ப வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதப் போவதில்லை.

ஓடக் கூடாது என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள். மதர்போர்டில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். அந்த மூன்றெழுத்தை விரித்தால் நடுவில் 'பிளாட்பாரம்' என்ற சொல்லே உட்கார்ந்திருக்கிறது. முதல் எழுத்து நம்பிக்கையைக் குறிக்கிறதாம். சரி, சில்லு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் விடமாட்டார்கள். ப்ராசஸர் இன்டெல் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2016ல் டெலானிபூர்க்காரர் ஒருவர் பிள்ளையின் படிப்புக்கென்று தவணையில் ஆறாம் தலைமுறை வாங்கியிருந்தால் அவர் தீண்டத்தகாதவர். 2017ன் தொடக்கத்தில் ஏழாம் தலைமுறை வாங்கியிருந்தாலும் வாசலோடு சரி.

ஏழாம் தலைமுறை முழுவதும் வெளியே என்றார்களா, அதில் ஒரு சந்து வைத்தார்கள். 7820ஹெச்க்யூ என்ற ஏழாம் தலைமுறைச் சில்லுக்கு 2021 ஆகஸ்டில் அனுமதி கொடுத்தார்கள், அதுவும் சில கருவிகளில் மட்டும். அந்தச் சில்லு எதில் இருந்தது? 3,499 டாலரில் விலை தொடங்கிய சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 என்ற கணிப்பொறியில். அதைத் தயாரித்து விற்றது யார்? மைக்ரோசாஃப்ட். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் கிழவிகள் டிபிஎம் வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள்.

இங்கே ஒரு கணிப்பொறி பத்து வருடம் தாக்குப்பிடிப்பது சின்ன விஷயம் இல்லை. வருடத்தில் பாதி மழை. மீதிப் பாதி உப்புக்காற்று. இரும்புக் கட்டிலே இற்றுப்போகும் ஊர் இது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் யூபிஎஸ் முனகும். பல்லி உள்ளே போய் முட்டையிடும். அத்தனைக்கும் தப்பிய மதர்போர்டைக் கடல் தின்னவில்லை; வாஷிங்டன் மாநிலத்து ரெட்மண்டில் ஏசி அறையில் உட்கார்ந்திருந்த ஒரு பட்டியல் தின்றது. இப்படி உலகம் முழுக்க 24 கோடிக் கணிப்பொறிகள் குப்பைக்குப் போகலாம் என்று கேனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் கணக்குச் சொன்னது. புதுக் கணிப்பொறி எங்களுக்குக் கப்பலில் வரும். பழையது திரும்பப் போக யார் டிக்கெட் எடுப்பார்கள்?

எங்கள் டெலானிபூரில் வானொலி நிலையம் இருக்கிறது. உன் ரேடியோ பழசு, உனக்கு மட்டும் செய்தி வாசிக்க மாட்டோம் என்று அது இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

கருணையே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், இருக்கிறது. இன்னும் ஒரு வருடம், 2026 அக்டோபர் 13 வரை, வீட்டுக் கணிப்பொறிகளுக்குத் திருத்தம் தருவார்களாம். ஒன்று, 30 டாலர் கட்டு. அல்லது உன் கணிப்பொறியின் அமைப்புகளை எங்கள் கிளவுடில் ஏற்று. அதுவும் இல்லையா, எங்கள் தேடுபொறியில் தேடித் தேடி 1,000 புள்ளி சேர்த்துக்கொண்டு வா. பிஸ்கட் உறை பத்து கொண்டு வந்தால் எவர்சில்வர் ஸ்பூன் கொடுத்தார்களே, அதே வியாபாரம்தான். ஓட்டைக் கதவைச் செய்து விற்றவன், ஓட்டையை அடைக்க உறை சேர்க்கச் சொல்கிறான். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சட்டத்தைக் காட்டி அதட்டியதும், அங்கே மட்டும் இந்த நிபந்தனைகளைச் சுருட்டிக்கொண்டு இலவசம் என்று சொல்லிவிட்டார்கள். அதே கம்பெனி, அதே மென்பொருள், அதே ஓட்டை. நம்மிடம் என்றால் நிபந்தனை. நம் சார்பாக யாராவது அதட்டினார்களா? நம்மவர்களுக்கு எப்போதும் வேறு வேலை: பெயர் மாற்றுவது.

பெயர் மாற்றுவதில் எங்களை வெல்ல ஆள் கிடையாது. 2018 டிசம்பர் 30 அன்று ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷஹீத் தீவு ஆனது, ராஸ் நேதாஜி தீவு ஆனது. அதே நாளில்தான் கேபிளுக்கும் அடிக்கல் நாட்டினார்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. அடிமைச் சின்னங்களை அழிக்கிறோம் என்றார்கள். அழியுங்கள், நல்லது. காலாபானிச் சிறையில் செத்தவர்களின் பேரன் பேத்திகள் இருக்கிற ஊர், எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஸ்வராஜ் தீவில் விண்ணப்பம் போடுகிறவன் எந்த எசமானின் ஜன்னலைத் திறந்து போடுகிறான் என்று பார்த்தீர்களா?

போன மாதம் ஒரு படிவம் நிரப்ப உட்கார்ந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: இந்தத் தளம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் சிறப்பாகத் தெரியும். அந்த உலாவிக்கு 2022 ஜூன் 15 அன்றே மைக்ரோசாஃப்ட் கருமாதி முடித்துவிட்டது. ஊர்ப் பட்டியலில் போர்ட் பிளேர் இருந்தது, ஸ்ரீ விஜயபுரம் இல்லை. செத்த ஊரின் பெயரைத் தேர்ந்தெடுத்து, செத்த உலாவியில், செத்த விண்டோஸில் விண்ணப்பிக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டேன். "லினக்ஸா? அதெல்லாம் இங்கே சப்போர்ட் இல்லை சார், ஒரு சாதாரணக் கணிப்பொறியில் போடுங்கள்" என்று பதில் வந்தது.

ஆமாம், நான் லினக்ஸ் என்ற இலவசத் திறமூல இயங்குதளத்துக்கு மாறியிருந்தேன். மாறுவதா வேண்டாமா என்று ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஆப்பிளையும் பார்த்தேன். விலையைப் பார்த்ததும் பிளாட்பாரம் மாறுவதற்குப் பதில் பிளாட்பாரத்துக்கே வந்துவிடுவோம் என்று புரிந்தது. அங்கேயும் இதே கதைதான். 2020ல் இன்டெல் சில்லைக் கழற்றிவிட ஆரம்பித்தவர்கள், 2025ல் வந்த டாஹோ பதிப்போடு இன்டெல் மேக்குகளுக்குப் புதுப் பதிப்பு முடிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். எசமான் வீட்டு நாற்காலி கொஞ்சம் பளபளப்பு, அவ்வளவுதான்.

லினக்ஸ் போட ஒரு பென் டிரைவும் ஒரு சாயங்காலமும் ஆனது. செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட கணிப்பொறி எழுந்து உட்கார்ந்து, முன்னைவிட வேகமாக ஓடுகிறது. தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. பிரின்டர் கேட்காமலே தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கஷ்டமே இல்லை என்று புளுக மாட்டேன். பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் குப்பையாகத் தெரிந்தன. எங்கள் தெரு டிடிபிக்காரர் பேஜ்மேக்கரை விட்டு வரவே மாட்டார்; அதன் கடைசிப் பதிப்பு 2001ல் வந்தது, அவருக்கு அது நேற்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைக்கிறவரிடம் மென்பொருள் விடுதலை பேச எனக்கு வாய் வராது. பேச வேண்டியவர்களிடம் பேசுகிறேன்.

மத்திய அரசே, 2015 மார்ச்சில் திறமூல மென்பொருளை ஏற்கும் கொள்கை ஒன்றை வெளியிட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அரசின் மின்னாளுமைத் திட்டங்களில் திறமூலத்துக்கே முன்னுரிமை என்று எழுதினீர்கள். அந்தக் கொள்கைக்கும் விண்டோஸ் 10-க்கும் ஒரே வயது. ஒன்று வாழ்ந்து முடித்துச் செத்துவிட்டது. மற்றது இன்னும் பிறக்கவே இல்லை. சென்னையில் சி-டாக் நிறுவனம் பாஸ் என்று ஒரு லினக்ஸே செய்து தந்தது. மக்கள் வரிப்பணத்தில் செய்த பாஸ் மூலையில் கிடக்கிறது. நாம் வேறு பாஸுக்குக் கைகட்டி நிற்கிறோம். கேரளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பல வருடமாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள், உரிமச் செலவில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்த அரசே சொல்கிறது. தமிழ்நாட்டில் 2007 வாக்கில் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் அலுவலகக் கணிப்பொறிகளில் ஸூசே லினக்ஸ் ஏற்றினார். அதிகாரி மாறினார், ஆர்வமும் கூடவே மாறிப் போய்விட்டது. மலையாளி முடித்துக் காட்டியதை நாம் முன்னுரையோடு நிறுத்திக்கொண்டோம்.

பாதுகாப்பு, பாதுகாப்பு என்கிறார்கள். 2023ல் பாதுகாப்பு அமைச்சகம் தன் கணிப்பொறிகளில் விண்டோஸை எடுத்துவிட்டு, உபுண்டுவை அடிப்படையாக வைத்துச் செய்த மாயா என்ற தளத்தைப் போடுவதாக நாளிதழ்கள் எழுதின. நாட்டின் முதல் முப்படைக் கட்டளையகம் 2001 முதல் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. பட்டாளத்துக்கு ஆகாத ஜன்னல், வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கு மட்டும் எப்படி ஆகும்?

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு கோணல் அப்டேட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டிப் படுத்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு நம்பகமாக ஓடிய பிளாட்பாரம் பால்பாயின்ட் பேனா. அடுத்த வருடம் ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது என்று, குஜராத்தில் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியின் மின்னஞ்சலையே மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. இந்தியச் சட்டமோ இந்திய நீதிமன்றமோ சொல்லி அல்ல. நயாரா டெல்லி உயர் நீதிமன்றப் படியேறிய பிறகே சேவை திரும்பியது. வருடத்துக்கு 2 கோடி டன் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைக்கே அந்தக் கதி. ஆலையிடம் வக்கீல் இருந்தார். டெலானிபூரில் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கிறவரிடம் யார் இருக்கிறார்?

பிறகு திடீரென்று சுதேசி ஜுரம் வந்தது. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர் ஒருவர், தென்காசியிலும் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்துக்கு மாறினேன் என்று அறிவித்தார். அரசு மின்னஞ்சலும் ஜோஹோவுக்குப் போனது. தென்காசிக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுதேசி மின்னஞ்சலை எந்தத் தளத்தில் திறந்து படிக்கிறார்கள் ஐயா? கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு மான்செஸ்டர் வேட்டி கட்டின மாதிரி.

நான் மாறிவிட்டேன். ஆனால் பழைய விண்டோஸை ஒரு ஓரத்தில் விட்டு வைத்திருக்கிறேன், அந்த ஒரு படிவத்துக்காக மட்டும். என் வீட்டில் கம்பெனிக்கு இருந்த இடம் போய்விட்டது. அரசாங்கம் அதற்கு ஒரு திண்ணை கொடுத்து உட்கார வைத்திருக்கிறது.

அந்தமான் நிர்வாகத்து ஐயாமாருக்கு ஒரு வேண்டுகோள். அந்த 2015ஆம் வருடத்துக் கொள்கையை ஒரு தடவை பிரின்ட் எடுத்துப் படியுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு உங்கள் பிரின்டர் வேலை செய்யவில்லை என்றால் டெலானிபூருக்கு ஆள் அனுப்புங்கள். லினக்ஸில் எடுத்துத் தருகிறேன்.