ஒரு சதுர அடி மிராசுதார்

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் இவருக்கு நிலம் உண்டு. நீளம் ஓர் அடி, அகலம் ஓர் அடி. ஒற்றைக் காலில் நிற்கலாம். இரண்டையும் அகட்டி ஊன்றினால் பக்கத்து மிராசுதாருடன் வரப்புத் தகராறு.

லஃப்ராய்க் விஸ்கி ஆலை தன் பாட்டிலை வாங்கிப் பதிவு செய்பவர்களுக்கு 1994 முதல் இப்படி மனை எழுதிக் கொடுக்கிறது. ஆயுள் குத்தகை. குத்தகைக்கு விட்டவரே வாடகையும் தரும் அதிசயம் அங்கேதான் நடக்கிறது: ஆண்டுக்கு ஒரு மிடறு விஸ்கி, நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். மே மாதக் கடைசியில், தீவின் விஸ்கித் திருவிழாச் சமயம் பார்த்து வந்துவிடுவார். ரப்பர் பூட்ஸ் மாட்டி, சேற்றில் இறங்கி, தன் மனையில் கொடி நட்டுப் படம் எடுத்துக்கொள்வார்.

ஆனால் வந்த காரியம் வேறு. 'கார்ஜஸ்' என்று ஆண்டுக்கொரு முறை வரும் லிமிடெட் எடிஷன். 2013இல் போர்ட் பீப்பாய், 2014இல் ஷெர்ரி, 2016இல் மடேரா. பேத்தி பிறந்த வருஷத்தைக் கேட்டால் யோசிப்பார். இதெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

அவர் சுவைப்பதைப் பார்க்க வேண்டும். துலிப் பூ வடிவக் கிளாஸைச் சாய்த்து, உள்சுவரில் விஸ்கி மெல்ல வழிவதைப் பார்ப்பார். வாயை லேசாகத் திறந்தபடி முகர்வார். (மூடிக்கொண்டு முகர்ந்தால் 50 சதவீதத்துக்கு மேலுள்ள ஆல்கஹால் மூக்கைச் சுட்டுவிடும், அதில் அவர் கெட்டிக்காரர்.) சட்டைப்பையிலிருந்து சொட்டுக்குழாய் வரும். ஒரு சொட்டுத் தண்ணீர். யோசனை. இன்னொரு சொட்டு. அப்புறம் தீர்ப்பு.

"ஈரக் கம்பளி... கடற்பாசி... பழைய மீன்வலை."

பக்கத்தில் நின்ற இளைஞர், "எனக்கு ஆஸ்பத்திரி வாடைதாங்க வருது" என்றார்.

"அவசரப்படாதீங்க தம்பி. அது திறந்துக்க நேரமாகும்."

இளைஞர் சொன்னதில் தப்பில்லை. ஈர நிலத்தில் வெட்டியெடுத்த பீட் கரியின் புகையில்தான் பார்லியை உலர்த்துகிறார்கள். அதில் ஏறும் பீனால் வகையறா, கிருமிநாசினிகளுக்குப் பங்காளி. காசு கொடுத்து, மழையில் வரிசையில் நின்று, டிங்சரை மோந்து பார்த்துப் பரவசப்படுவதற்கு ஒரு தனி மனசு வேண்டும்.

வாங்குவது மூன்று பாட்டில். குடிக்க ஒன்று, வைத்திருக்க ஒன்று, மாற்றிக்கொள்ள ஒன்று. குடிக்க வாங்கியதும் திறக்கப்படுவதில்லை, விலை ஏறுகிறதாம். பீப்பாயில் கிடக்கும்போதாவது ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகித் தேவதைகளுக்குப் போகும் என்பார்கள். இவர் அலமாரிக்கு வந்த பிறகு அவர்களுக்கும் பட்டினி.

நல்ல மனிதர்தான். வீட்டுக்கு அழைத்தால் தாராளமாகப் போங்கள். அலமாரியைக் காட்டுவார், ஒவ்வொரு பாட்டிலாகக் கதை சொல்வார், கடைசியில் தேநீர் கொடுப்பார்.