பூம்பாறையில் ஆல்ப்ஸ்

ஆல்ப்ஸ் மலையில் காரோட்டி, கோட்டை கோட்டையாகப் பார்க்க ஆசை; கையில் இருப்பதோ இ-பாஸ். 2024 மே முதல் கொடைக்கானலுக்கு அதுதான் விசா. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் பூம்பாறை. சாலையோரம் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். அடுக்கடுக்கான வயல்களைப் பார்த்து 'அப்படியே சுவிட்சர்லாந்து!' என்பார், சுவிட்சர்லாந்தைக் கண்டிராத ஒருவர். செல்ஃபி எடுத்ததும் திரும்பிவிடுவார்கள். கீழே ஓர் ஊர் இருக்கிறது, ஐயா! கோட்டை கிடையாதுதான், குழந்தை வேலப்பர் இருக்கிறார். போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது ஐதீகம். உங்கள் படத்தில் பச்சையாய்த் தெரிவதில் பாதி மலைப்பூண்டு. புவிசார் குறியீடே வாங்கியது. (சுவிஸ்காரருக்கு அந்த வாசனை வாய்க்கவில்லை.) இறங்கிப் போய்க் கால் கிலோவாவது வாங்குங்கள், சூரிச் விமான டிக்கெட்டைவிட மலிவு.