சித்தப்பாவச்சம்: ஒரு நகரக் காதல் நோய் குறித்த ஆய்வுரை

டேட்டிங் போன இடத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவரை முழுசாகப் பார்க்கவிடாமல் கண்ணை வாசல் பக்கமே இழுத்துக்கொண்டிருக்கும் பயம் ஒன்று உண்டு. கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் ஏதோ புரளும். உள்ளே வருவது பார்சல் வாங்க வந்த பையன்தான். ஆனாலும், உறவினராக இருந்துவிட்டால்? இந்த நோய்க்கு இதுவரை பெயர் இல்லை. இவ்வாய்வு அதற்குச் ‘சித்தப்பாவச்சம்’ என்று பெயர் சூட்டுகிறது. சித்தப்பா, அச்சம் இரண்டுக்கும் நடுவில் வந்த வகரம் நன்னூலார் அனுமதித்த உடம்படுமெய். ஆகவே இலக்கண வழியில் ஆட்சேபிக்க இடமில்லை.

மாமா ஏன் இல்லை, அத்தை ஏன் இல்லை என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். மாமா ஒரு கேலியோடு விட்டுவிடுவார். அத்தை அந்த இடத்தில் ஒன்றும் கேட்கமாட்டார். ராத்திரி அம்மாவுக்குப் போன் போடுவார், அதுவரை மூச்சுவிட நேரம் இருக்கிறது. பெரியப்பா காபிக்கு இருநூற்றைம்பது ரூபாய் வாங்கும் கடைக்குள் கால் வைப்பதே இல்லை. சித்தப்பா ஒருவர்தான் எங்கும் இருப்பார். ஜீன்ஸ் போடுவார். ‘நான் உனக்கு ஃப்ரெண்டு மாதிரிடா’ என்று சொல்லிச் சொல்லியே ஆயுதங்களையெல்லாம் பிடுங்கி வைத்திருப்பார். நோயின் மூலம் இந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

பெயர் வைப்பதில் ஐரோப்பியர் நமக்கு முந்திக்கொண்டார்கள். விரிந்த சதுக்கங்களையும் ஆளரவமற்ற தெருக்களையும் கடக்க நடுங்கியவர்களைக் கவனித்த பெர்லின் மருத்துவர் கார்ல் வெஸ்ட்ஃபால், 1871இல் அதற்கு ‘அகோரஃபோபியா’ என்று பெயரிட்டார். நம் நோயாளியிடம் ஆளரவமற்ற தெரு ஒன்றைக் கொடுத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்வார். சென்னையில் அப்படியொரு தெரு கிடைக்காததுதான் அவருக்கு நோய். 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்-5 கையேடு, ஒரு பயத்தை நோய் என்று ஏற்க வைக்கும் நிபந்தனைகளில் இரண்டு இங்கே முக்கியம். பயம் பொதுவாக ஆறு மாதமாவது நீடிக்கவேண்டும். உண்மையான ஆபத்தைவிடப் பயம் பெரிதாக இருக்கவேண்டும். முதலாவதில் சித்தப்பாவச்சம் சுலபமாகத் தேறிவிடுகிறது. இரண்டாவதில் சிக்கல்: ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாதி தாண்டிப் பழகும் இணைகளுக்குச் சில ஊர்களில் சொந்தக்காரர் கண்ணில் படுவது உயிருக்கே உலை. அதற்கு வேண்டியது காவலும் சட்டமும். போலி ஆய்வுக் கட்டுரை வேண்டியதில்லை. இங்கே எடுத்துக்கொண்டது அடி விழாமல் கேள்வி மட்டும் விழும் குடும்பங்களின் நோய்.

நோய் பழையது. அகநானூற்றின் 122ஆம் பாட்டில் பரணர் பெரிய பட்டியலே போட்டிருக்கிறார். இரவில் காதலனைச் சந்திக்கவேண்டும். ஊர் தூங்கினால் அம்மா தூங்குவதில்லை. அம்மா தூங்கினால் காவலர் சுற்றுகிறார்கள். அவர்கள் ஓய்ந்தால் நாய் குரைக்கிறது. நாய் அடங்கினால் நிலா பகலாய்க் காய்கிறது. அப்புறம் கூகை, அப்புறம் சேவல். இவை எல்லாமே அடங்கிக் கிடந்த நாளில் காதலன் வருவதில்லை. இத்தனை நுணுக்கமான பட்டியலில் சித்தப்பா இல்லாதது ஆராயத்தக்கது. அந்த வரியை மட்டும் செல் அரித்துவிட்டதோ என்று இவ்வாய்வாளர் ஐயுறுகிறார்.

அக்காலத்தார் வம்புப் பேச்சை இரண்டாகப் பிரித்தார்கள். சிலர் மட்டும் அறிந்து வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல். ஊரே வாய்விட்டுப் பேசினால் அலர். முதலாவது இரண்டாவதாக முற்றுவதற்கு அன்று நாள்கணக்கில் ஆகியிருக்கும். இன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ‘தம்பியை அடையாறுல பாத்தேன்’ என்ற ஒரு வரியும் கண்ணைச் சிமிட்டும் பொம்மையும் போதும். மேசையில் இருக்கும் காபி ஆறுவதற்குள் அம்பல் அலராகிவிடுகிறது. நடுவில் இருந்த பருவம் காணாமல் போய்விட்டது.

இதைவிட வியப்பானது, அன்றைய காதலர்கள் அலரைக் கண்டு அவ்வளவாக அஞ்சவில்லை என்பது. திருக்குறளில் ‘அலர் அறிவுறுத்தல்’ என்று 115ஆம் அதிகாரம் ஒன்றை வள்ளுவர் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். ஊர்ப் பேச்சு காதலுக்கு எரு என்றும், கைகூடாததையும் கைகூடியதுபோல் ஆக்கும் என்றும் மகிழும் காதலர்களை அங்கே பார்க்கலாம். அவர்களுக்கு யாரை வேண்டும் என்பதில் ஐயம் இல்லை. ஊர் உந்தித் தள்ளினால் நல்லதுதானே! நம் நோயாளியின் நிலைமை வேறு. அவன் அவளை மூன்றாவது முறையாகப் பார்க்கிறான். அவள் சாப்பிடும்போது போனைக் கவிழ்த்து வைக்கிறாள், அது பிடித்திருக்கிறது. எதற்கெடுத்தாலும் ‘ஆக்சுவலி’ என்கிறாள், அது பிடிக்கவில்லை. இது நட்பா, காதலா, ஞாயிற்றுக்கிழமையைப் போக்கும் வழியா என்று இரண்டு பேருக்குமே தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா வந்து, அவர்களுக்கே தெரியாததைத் தெரிந்துகொண்டு போய்விடுகிறார்.

ஆக, பிடிபடுவதுதான் அச்சம் என்று எண்ணுவது பிழை. சித்தப்பா பார்த்துவிட்டுக் கோபமாகப் போய்விட்டால் நோயாளி பிழைத்துக்கொள்வான். அவர் சிரித்துக்கொண்டே வந்து நாற்காலியை இழுத்துப் போடுவதுதான் பயங்கரம். ‘உக்காரும்மா, உக்காரு. எந்த ஊரு? அப்பா என்ன பண்றாங்க?’ இரண்டாவது கேள்வியிலேயே பாதி ஜாதகம் கைக்கு வந்துவிடும். எந்த ஊர் என்பதற்குள் இன்னொரு கேள்வி மடித்து வைக்கப்பட்டிருப்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் பிரித்துக் காட்டமாட்டார்கள். பில்லையும் அவரே கொடுப்பார். போகும்போது தோளில் தட்டி, ‘நான் அண்ணன்கிட்டப் பேசிக்கிறேன், கவலைப்படாத’ என்பார். எதிர்ப்பைத் தாங்கும் வழி சினிமாவில் இருக்கிறது. இந்த ஆதரவைத் தாங்க யாரும் சொல்லித்தரவில்லை.

இனி நிகழ்தகவு. 2011 கணக்கெடுப்பில் அன்றைய சென்னை மாநகரின் மக்கள்தொகை 46 லட்சத்துச் சொச்சம். முகம் பார்த்து ‘இன்னார் பிள்ளை’ என்று சொல்லக்கூடிய சொந்தபந்தம் 400 பேர் என்று வைத்துக்கொள்வோம். (மனிதரால் சுமார் 150 பேரோடுதான் உறவு பேணமுடியும் என்று மானிடவியலாளர் ராபின் டன்பார் கணித்தார், அவர் கையில் யாரும் கல்யாணப் பத்திரிகை கொடுக்கும் பட்டியலைக் கொடுத்திருக்கமாட்டார்கள்.) கடையில் வேறு 40 பேர் இருந்தால், அவர்களில் ஒரு சொந்தக்காரர் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 290இல் ஒன்று. வாரம் ஒருமுறை போனாலும் ஐந்தரை வருஷத்துக்கு ஒரு சித்தப்பா. கணக்கு சரி, அனுபவம் ஒத்துவருவதில்லை. காரணம், சித்தப்பாக்கள் நகரம் முழுக்கச் சீராகத் தூவப்பட்டவர்கள் அல்லர். அவர்களும் ஞாயிறு மாலையில் பெசன்ட் நகர்க் கடற்கரைக்கே வருகிறார்கள், மழை பெய்தால் வேளச்சேரி மாலுக்கு. பிறரைக் காப்பாற்றப் போய்க் கடலில் உயிர்விட்ட டேனிஷ்காரர் ஒருவருக்கு அந்தக் கடற்கரையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அதன் நிழலில் ஒதுங்கும் இணைகளைக் காப்பாற்ற அவராலும் ஆவதில்லை.

தற்காப்பு முறைகளில் பழையது ஸ்கூட்டியில் துப்பட்டாவை முகம் முழுக்கச் சுற்றிக்கொள்வது. வெயிலுக்கு என்பார்கள். 2020இல் முகக்கவசம் கட்டாயமானபோது நோய்க்கு ஒரேயடியாக விடிவு பிறந்திருக்கவேண்டும். போவதற்குத் திறந்த கடைதான் இல்லை. உட்காருமிடத்தில் இரண்டு கட்சி. வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் முன்கூட்டியே தெரியும், ஆனால் முகம் காட்டவேண்டும். முதுகைக் காட்டினால் முகம் தப்பும், ஆனால் சொந்தக்காரர்கள் முதுகை வைத்தே அடையாளம் காண்பவர்கள். இவ்வாய்வாளர் எந்தக் கட்சியிலும் இல்லை. நாற்காலி விஷயத்தில் மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: நான்கு நாற்காலி மேசை கூடாது. மூன்றும் கூடாது. காலியாக இருக்கும் ஒவ்வொரு நாற்காலியும் ஓர் அழைப்பிதழ்.

சட்டத்தின் பங்கையும் விட்டுவிட முடியாது. மதம் மாறாமல் மணந்துகொள்ள வழி செய்யும் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி, பதிவு அலுவலரிடம் அறிவிப்புக் கொடுத்துவிட்டு 30 நாள் காத்திருக்கவேண்டும். அந்த அறிவிப்பை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவைப்பார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், சட்டம் சொல்லும் காரணம் இருந்தால் ஆட்சேபிக்கலாம். ஊரில் சித்தப்பாவே இல்லாதவர்களுக்கு அரசாங்கம் ஒருவரைச் சுவரில் ஒட்டித் தருகிறது என்றுதான் இதற்கு உரை எழுதவேண்டும்.

சிகிச்சைக்கு மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே 1958இல் எழுதிய படிப்படியான முறை இருக்கிறது. உடம்பைத் தளர்த்திக்கொண்டு, பயத்தைச் சின்ன அளவிலிருந்து பழகவேண்டும். முதலில் சித்தப்பாவின் காலை வணக்கப் படத்தை இரண்டு நிமிஷம் பார்ப்பது. அடுத்து அவருடைய வாய்ஸ் மெசேஜை முழுக்கக் கேட்பது. பிறகு அவர் தெரு வழியாக நடப்பது. நம் தகவலாளர் ஒருவர் மூன்றாம் படியிலேயே நின்றுவிட்டார். அந்தத் தெருமுனை இனிப்புக் கடையில், தூணுக்குப் பின்னால், சர்க்கரை வியாதிக்காரரான அவருடைய சித்தப்பா இலைத் துண்டில் பாதாம் அல்வாவை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சட்டைப் பையில் கண்ணாடி, மணிக்கட்டில் தொங்கும் மஞ்சள் பை, விரலில் நெய். தகவலாளருடன் அந்தப் பெண்ணும் இருந்தாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பா இலையை மெதுவாக மடித்தார். ‘சித்திகிட்ட...’ என்று ஆரம்பித்தார். ‘அம்மாகிட்ட...’ என்று இவர் ஆரம்பித்தார். இரண்டு வாக்கியமும் அதற்குமேல் நீளவில்லை. அணு ஆயுத நாடுகளுக்குள் நிலவும் அமைதியை விளக்கத் தடித்த புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றைவிடத் தெளிவான சான்று அந்தத் தூணுக்குப் பின்னால் கிடைத்தது. சித்தப்பாவுக்கும் அச்சம் உண்டு என்பதும் அன்றுதான் நிறுவப்பட்டது. அதற்குப் பெயர் சூட்டுவது அடுத்த ஆய்வாளரின் பொறுப்பு.

நீண்டகாலப் போக்கைப் பற்றியும் அதே தகவலாளர்தான் சான்று. அந்தப் பெண்ணையே மணந்துகொண்டார். அச்சம் ஒரே நாளில், தாலி கட்டும் நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது என்கிறார். இப்போது ஜீன்ஸ் கொஞ்சம் தளர்வாகப் போடுகிறார். அண்மையில் ஒரு பேக்கரியில் பெரியப்பா பேரனைப் பார்த்திருக்கிறார். காலேஜ் படிக்கிற பையன், கூட ஒரு பெண், இரண்டு பப்ஸ். தான் எழுந்து போனதை அவரே வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

‘பாக்காத மாதிரி வந்திருக்கலாம் சார். ஆனா டேபிள்ல மூணாவதா ஒரு சேர் இருந்துச்சு.’