குடை கொடுத்த கப்பல்

சிக்கனச் சுற்றுலா என்பது தனக்குள்ளேயே சண்டை பிடித்துக்கொள்ளும் தொடர்களுள் ஒன்று. வீட்டில் காசில்லாமல் கிடைக்கும் தூக்கம், சோறு, குளியல், வாக்குவாதம் ஆகிய நான்கையும் வேறோர் ஊரில் விலைக்கு வாங்கி அனுபவிப்பதே சுற்றுலா எனக் கொண்டால், அந்நான்கையும் கூடியமட்டும் வாங்காமலே ஊர் திரும்பும் கைத்திறன் சிக்கனம் எனப்படும். இவ்விரண்டையும் ஒரே விடுமுறைக்குள் நிகழ்த்திக்காட்ட முனையும் நடுத்தரக் குடும்பங்கள் தமிழகமெங்கும் உள்ளன. ஆயினும் அச்சுற்றுலாவில் தீம் பார்க்கும் சொகுசுக் கப்பலும் சேர்ந்து இடம்பெற வேண்டும் என்று பிள்ளைகள் தீர்மானித்துவிடுமிடத்து, தூத்துக்குடிக் குடும்பத்துக்கு மட்டும் உரிய ஒரு தனிச் சங்கடம் எழுகிறது. இக்கட்டுரை அச்சங்கடத்தை ஆராய்வது; இதற்கு மூல ஆவணமாக அமைந்தது இக்கட்டுரையாளரின் வீட்டில் பால் கணக்குக்கும் கேஸ் கணக்குக்கும் இடையே எழுதப்பட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு.

முதலில் சொற்பொருள். ஏதேனும் ஒரு கருப்பொருளைச் சுற்றி ராட்டினங்களையும் வேடிக்கைகளையும் மதிலுக்குள் அடுக்கி, வாசலிலேயே மொத்தப் பணத்தையும் வாங்கிக்கொள்ளும் இடம் தீம் பார்க் ஆகும். 1955 ஜூலையில் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் வால்ட் டிஸ்னி திறந்த பூங்கா இவ்வகைக்கு முன்மாதிரி. அங்கே கருப்பொருள் கோட்டை, இளவரசி, எலி என விரிய, தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் தண்ணீர் என்ற ஒன்றிலேயே அடங்கிவிடுகிறது; குழாயில் வாரத்துக்கு இரு நாள் வரும் பொருள் ஓரிடத்தில் நாள் முழுதும் தலையில் கொட்டுவதைக் காட்டிலும் பெரிய கற்பனை நமக்குத் தேவைப்படவில்லை போலும். சொகுசுக் கப்பலின் இலக்கணம் இன்னும் நுட்பமானது. மற்றக் கப்பல்கள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக, இது பெரும்பாலும் புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வரும். ஆகவே இதில் ஏறியவர் போய்ச் சேர்ந்த இடமும் கப்பலே, புறப்பட்ட இடமும் கப்பலே.

இனிச் சங்கடம். தூத்துக்குடித் துறைமுகக் கடற்கரையில் மாலையில் கடலை கொறித்துக்கொண்டு நிற்பவர் கண்ணுக்கு, நங்கூரமிட்டுத் தம் முறைக்குக் காத்திருக்கும் கப்பல்கள் வரிசையாகத் தெரியும். நிலக்கரி கப்பலில் வந்து இறங்குகிறது. காற்றாலை இறக்கை கப்பலேறிப் போகிறது. வெங்காயமும் காய்கறியும் தோணியேறி மாலத்தீவைச் சுற்றிப்பார்க்கின்றன. இந்த ஊரிலிருந்து கடல் கடக்கும் தகுதியற்ற ஒரே சரக்கு மனிதன்தான். சொகுசுக் கப்பல் பார்க்க விரும்பும் தூத்துக்குடிக்காரர் கடலுக்கு முதுகைக் காட்டி, முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி, ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தரைமார்க்கமாகச் சென்னைக்குப் போய், அங்கே மறுபடி கடலைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். உலகிலேயே மலிவான கப்பல் பயணம் எது என்று ஆராயப் புகுந்தால் ஆய்வு இந்த ஊரிலேயே வந்து முடியும். 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை, 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், ஆக மொத்தம் 10 லட்சம் ரூபாய் மூலதனம் என்ற திட்டத்தோடு சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மறு ஆண்டு காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் கொழும்புக்குப் போகலாம். அதுவரை அந்தக் கடலைத் தன் வீட்டுக் கிணறுபோல ஆண்டுவந்த பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி சும்மாவே ஏறிக்கொள்ளலாம் என்றது. அப்போதும் கூட்டம் சேராததால், ஏறுவோருக்கு ஆளுக்கொரு குடையும் தருவதாக அறிவித்தது.

இச்செய்தியைச் சுற்றுலாப் பொருளாதாரத்தின் கண்கொண்டு நோக்குதல் தகும். கட்டுரையாளர், மனைவி, கட்டுரையாளரின் தாயாராகிய ஆச்சி, பதினொரு வயது மகன், ஐந்து வயதுக்கு இரண்டு மாதம் குறையும் மகள் என ஐவர் அடங்கிய குடும்பம் 1908இன் தொடக்கத்தில் கொழும்புக்குப் புறப்பட்டிருந்தால், செலவுப் பத்தியில் சுழியமும் வரவுப் பத்தியில் ஐந்து குடைகளும் ஏறியிருக்கும். சுற்றுலா போய் லாபத்தோடு திரும்பிய குடும்பம் என்று வரலாற்றில் அதற்கு ஓரிடம் கிடைத்திருக்கும். ஆனால் அன்றைய தூத்துக்குடிக்காரர்கள் குடையையும் தொடவில்லை, அந்தக் கப்பலையும் தொடவில்லை. காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலிலேயே ஏறினார்கள். ஒரு கிலோ சோப்புத் தூளுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா இலவசம் என்றால் மூன்று கிலோ வாங்கி வரும் இன்றைய சந்ததிக்கு இது விளங்குவது கடினம். அந்த மானத்துக்கு அவர்களும் வ.உ.சி.யும் கொடுத்த விலை கொஞ்சமன்று. 1908 மார்ச்சில் அவர் கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. துறைமுகத்துக்கு இன்று அவர் பெயர் இருக்கிறது. அவர் விட்ட பயணிகள் கப்பல்தான் அங்கே இல்லை.

இடையில் ஒரு முறை அதிர்ஷ்டம் எட்டிப்பார்த்ததையும் பதிவு செய்ய வேண்டும். 2011 ஜூன் 13 அன்று ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கும் இடையே பல்லாண்டு ஓடிக் களைத்த கப்பல் அது. ஓய்வுக்காலத்தில் தெற்கே வந்த பெரியவர் எனலாம். ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. 'கூட்டம் குறையட்டும், தீபாவளி கழித்துப் போகலாம்' என்று இக்கட்டுரையாளர் அப்போது எடுத்த சிக்கன முடிவை வீட்டில் இன்றும் யாரும் மறக்கவில்லை. ஏனெனில் அந்த நவம்பரோடு சேவை நின்றுபோனது. பின்னர் 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்பட்டு, சில நாளிலேயே பருவநிலையால் நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மீண்டும் தொடங்கியது. அது நான்கு மணி நேரப் பயணம். நீச்சல் குளமோ மாயவித்தையோ கிடையாது என்று தெரிந்ததும் மகன் அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டான்.

எஞ்சியது, 2022 ஜூனில் முதலமைச்சர் கொடியசைத்துச் சென்னையிலிருந்து தொடங்கிவைத்த வகையைச் சேர்ந்த சொகுசுக் கப்பல். இதன் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு தொகையும், அதன் தலைமாட்டில் கொசு உட்கார்ந்தாற்போல் ஒரு நட்சத்திரக் குறியும் காணப்படும். கொசுவைத் துரத்திக்கொண்டு அடிக்குறிப்புக்கு இறங்கினால், அத்தொகை இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு உரியது என்றும், துறைமுகக் கட்டணம், பணியாளர் அன்பளிப்பு, ஜி.எஸ்.டி. ஆகியவை தனி என்றும் தெரியவரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியை ஆக்கியவர் கப்பல் டிக்கெட் ஏதேனும் பார்த்திருக்க வேண்டும். மேலும் அந்த ஆரம்ப விலை உள்ளறைக்கு உரியது. உள்ளறையாவது சன்னல் இல்லாத அறை; அதாவது, நடுக்கடலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருத்தல். சன்னல் வேண்டுமெனில் ஒரு தொகை, பால்கனி வேண்டுமெனில் பெருந்தொகை. கடல் தெரிய ஒரு விலை, தெரியாதிருக்க ஒரு விலை என்ற செய்தியை ஆச்சியிடம் விளக்கியபோது, பிறந்ததிலிருந்து கடலைக் காசில்லாமல் பார்த்துவரும் அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "ஏய்யா, அவனும் கொட குடுப்பானா?" என்று மட்டும் கேட்டார்.

தீம் பார்க்கின் கணக்கு இதைவிடச் சிக்கலானது. சுற்றுலாத் துறையில் குழந்தை என்பதற்குப் பொது வரையறை இல்லாமையே இதற்குக் காரணம். அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை இலவசம், பின் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். ரயிலிலும் ஐந்துக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டவருக்குப் பாதிக் கட்டணம்தான். ஆனால் 2016 ஏப்ரலுக்குப் பின், தனிப் படுக்கை கேட்கும் சிறுவன் அக்கணமே முழு ஆளாகிவிடுகிறான். படுத்தால் பெரியவன், உட்கார்ந்தால் சிறுவன் என்னும் இத்தத்துவம் உபநிடதங்களிலும் இல்லை. தீம் பார்க்குகளோ வயதை நம்புவதில்லை. பெற்றோர் சொல்லும் வயதைக் கேட்டுக் கேட்டு நொந்திருப்பார்கள் போலும், வாசலில் அளவுகோல் வரைந்த பலகையை நட்டு உயரத்தை அளந்துவிடுகிறார்கள். ஆகவே ஒரே பயணத்தில் ஒரே பையன் பேருந்தில் அரையாகவும், ரயிலில் முழுதாகவும், பூங்கா வாசலில் ஓரிரு சென்டிமீட்டரில் ஊசலாடுபவனாகவும் மாறுகிறான்.

இதனை முன்கூட்டியே அறியும் பொருட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு மகனை வாசல் நிலைப்படியில் முதுகு ஒட்ட நிறுத்தி, தலையில் ஸ்கேலை வைத்து, பென்சிலால் கோடு கிழிக்கும் ஆய்வு நடந்தது. கோடு குழந்தை டிக்கெட்டின் எல்லையை ஒரு விரற்கடை தாண்டியது. "மூச்ச விட்டுட்டு நில்லுல, கொஞ்சம் ஒடம்ப விடு" என்றார் அவன் தாயார். அவன் மாறாக நிமிர்ந்து, குதிகாலையும் சிறிது தூக்கினான். விசாரித்ததில், பெரிய ரோலர் கோஸ்டரில் ஏறுவதற்குக் குறைந்தபட்ச உயரம் ஒன்று உண்டு என்றும், அதற்கு அவன் ஒரு விரற்கடை குறைவு என்றும் தெரிந்தது. டிக்கெட்டுக்கு அவன் நெட்டை, ராட்டினத்துக்கு அவன் குட்டை. முழுப் பணம் கட்டி, கீழே நின்று, பிறர் அலறுவதைக் கேட்கும் உரிமை மட்டுமே அவனுக்கு வாய்க்கும். ஆச்சியின் நிலையும் அதுவே. இரத்த அழுத்தம் உள்ளவர் எதிலும் ஏறலாகாது என்று ஒவ்வொரு ராட்டினத்தின் முன்னும் எழுதியிருப்பதால், ஐந்து பேரின் செருப்புக்கும் பைக்கும் காவலிருக்க அவர் நுழைவுச்சீட்டு எடுத்து உள்ளே போக வேண்டும்.

உடை பற்றியும் ஒரு சொல். நீர் விளையாட்டுகளில் பருத்தி உடைக்கு அனுமதியில்லை. நூல் பிரிந்து வடிகட்டும் இயந்திரத்தை அடைக்கும் என்பது காரணம், அது நியாயமும்கூட. நைலான் உடையை உள்ளேயே வாடகைக்கோ விலைக்கோ பெறலாம். கட்டுச்சோற்றுக்கோ உள்ளே வழியே இல்லை. புளியோதரையைத் தூக்குவாளியில் அடைத்து, மேலே நைட்டி, அதன்மேல் துண்டு, அதன்மேல் சாமி படம் என்று அடுக்கும் முறை ஒன்று எதிர்வீட்டு மயினியால் பரிந்துரைக்கப்பட்டது. எனினும் அவரே வாசலில் பிடிபட்டு, குடும்பத்தோடு மதிலோரத்தில் நின்றபடி காலை எட்டே முக்கால் மணிக்கு மதியச் சாப்பாட்டை முடித்தவர் என்பதால் அது ஏற்கப்படவில்லை.

அலைக்குளத்துக்குக் காசு கொடுப்பது கடற்கரைவாசிக்கு அடுக்குமா என்ற வினாவும் எழுந்தது. இவ்விடத்தில் ஒரு நிலவியல் உண்மையைச் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவில் வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் அலையின் வேகத்தை வாங்கிக்கொள்வதால், தூத்துக்குடிக் கடல் பெரும்பாலும் தட்டில் ஊற்றிய பால்போல் கிடக்கும். மெரினாவில் நிற்பவருக்குச் செயற்கை அலை வீண்செலவு; ரோச் பூங்காப் பக்கம் வளர்ந்த பிள்ளைக்கோ அது ஒரு புதுமைதான். ஆகவே அலைக்குளத்துக்குரிய தொகை மட்டும் ஒருமனதாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

மற்றவை ஒவ்வொன்றாக விழுந்தன. மகள் ஐந்தைத் தொடுவதற்குள் புறப்பட்டாக வேண்டும் என்றால் ரயிலில் இடமில்லை. ரயிலில் இடமிருக்கும் நாளில் கப்பல் இல்லை. கப்பல் இருக்கும் நாளில் பள்ளித் தேர்வு. பால்கனி சன்னலாகி, சன்னல் சுவராகி, சுவரும், அதனோடு அலைக்குளமும் நோட்டில் அடிக்கப்பட்டன. கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். ஏறாத கப்பலுக்கு அவ்விதி பொருந்துமா என்று தெரியாததால், கட்டுரையாளர் சற்று நேரம் கை வைத்தே அமர்ந்திருந்தார்.

முடிவில் நிறைவேறிய திட்டம் இரு பகுதிகளை உடையது. தீம் பார்க்குக்கு ஈடாக, ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் நிறைவுறும் பனிமயமாதா கோயில் திருவிழா. அங்கே ராட்டினக்காரர் உயரத்தையும் கேட்பதில்லை, வயதையும் கேட்பதில்லை. "ஏலே, கம்பியப் புடிச்சிக்கோ" என்பதோடு பாதுகாப்பு விதிகள் முற்றுப்பெறுகின்றன. சொகுசுக் கப்பலுக்கு ஈடாக, காணும் பொங்கலன்று முயல் தீவு. அது பெயரில் மட்டும் தீவு. துறைமுகச் சாலை வழியே வண்டியிலேயே போய்விடலாம், கட்டுச்சோற்றைச் சாமி படத்துக்கு அடியில் ஒளிக்க வேண்டியதும் இல்லை. புளியோதரையும், அவித்த முட்டையும், முட்டை வெண்கருவையும் சீனியையும் முந்திரியையும் அடித்துச் சுடும் தூத்துக்குடி மக்ரூனில் அரைக் கிலோவும் எடுத்துக்கொள்வது என்று எழுதப்பட்டது. கப்பல்கள் அங்கிருந்து நன்றாகத் தெரியும். உள்ளறை, வெளியறை என்ற பேதமில்லை.

நோட்டைத் தம் பக்கம் இழுத்துப் பார்த்த ஆச்சி, வெயில் கடுமையாக இருக்குமே என்றார். செலவுப் பட்டியலின் கடைசி வரியாக மகன் எழுதிச் சேர்த்தது: குடை, 1. எதிரே, விலை எழுத வேண்டிய இடத்தில், வீட்டில் இருக்கிறது.