திருடனுக்கு முந்தும் பேராசிரியர்

கேள்வி: தானோட்டிக் கார்களின் பாதுகாப்பு, ரான்சம்வேர் என்று ஆராய்ந்தே ஒருவர் பேராசிரியர் ஆகிவிட முடியுமா?

பதில்: தாராளமாக! கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் வைரஸ் சாத்தியம் என்று ஆய்வாளர்கள் ஆடம் யங்கும் மோட்டி யுங்கும் ஆய்வுக் கட்டுரை எழுதியது 1996-ல். 2017-ல் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் வந்து ரெனோ கார் தொழிற்சாலைகளையே நிறுத்தியது. கார்களிலும் இதே கதைதான்: 2010-ல் பேராசிரியர்கள் ஸ்டெஃபன் சாவேஜ், தடயோஷி கோனோ குழுவினர் ஓடும் காரின் பிரேக்கை மடிக்கணினியால் முடக்கிக் காட்டினார்கள். 2015-ல் ஆய்வாளர்கள் சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் ஜீப் ஒன்றை இணையம் வழியே ஆட்டிவைக்க, 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. பூட்டைத் திருடனுக்கு முன்பே உடைத்துப் பார்த்து, ஓட்டையை அடைக்கச் சொல்வதுதான் இந்த வேலை. டிரைவர் இல்லாத காரில் நாம் நிம்மதியாகத் தூங்க, இந்த ஆய்வாளர்கள் விழித்திருக்க வேண்டும். படிக்க ஆசையா? இன்றே தொடங்குங்கள்!